பயிருக்கும் பூச்சிக்கும் சாஸ்திரப் பெயர் எதற்கு?

பொன்னேரித் தாலுகாவில் சம்பா நடவு முடிந்து முதற்களை எடுக்கும் நாட்களில், வயலில் இறங்கும் ஆட்களுக்கு ஒரு சங்கடம் நேருவது வழக்கம். நெற்பயிரின் தூரோடு தூராய், நிறத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய அதனையே ஒத்து, ஒருவகைப் புல் நின்றுகொண்டிருக்கும். கை பழகாதவர் நெல்லைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விட்டுவிடுவர். கதிர் வாங்கும் சமயத்தில்தான் தவறு வெளிப்படும். அதற்குள் அப்புல், இட்ட உரத்தையும் பாய்ச்சிய நீரையும் உண்டு கொழுத்து, விதையை உதிர்த்து, அடுத்த நவரைக்கும் தன் வம்சத்தை வைத்துவிடும்.

அப்புல்லின் பெயரைக் கேட்டால் பலர் 'குதிரைவாலி' என்பர். மானாவாரிப் புஞ்சையில் விதைத்து, அறுத்து, குத்திச் சமைத்து உண்ணும் சிறுதானியத்தின் பெயரும் குதிரைவாலியே. ஒரே சொல் ஓரிடத்தில் வேண்டிய பயிரையும், மற்றோரிடத்தில் வேண்டாத களையையும் குறிக்கின்றது. இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. தமிழில் நெல் எனப்படும் பயிர், கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் கால் வைத்தவுடன் 'வரி' ஆகின்றது; வடநாட்டில் 'தான்' ஆகின்றது. பயிர் ஒன்று, பெயர் பல.

ஊருக்குள் பேசிக்கொள்ளும் அளவில் இதனால் பெருங்கெடுதி இல்லை. ஆனால் ஒரு பூச்சிக்கு மருந்து கேட்கும்போதும், ஒரு களைக்குப் பரிகாரம் தேடும்போதும், வேறு தேசத்தில் கண்டறிந்த முறையை இங்கே கையாளும்போதும், எந்தப் பூச்சி, எந்தக் களை என்பது ஐயமின்றித் தெரிந்தாக வேண்டும். அதற்கென ஏற்பட்டவையே சாஸ்திரப் பெயர்கள். அவை படித்தவர்களின் ஆடம்பரம் என்று எண்ணுவோர் உளர். பெயர் தவறியதால் பல வருஷங்கள் வீணானதும், பெயர் சரியாகத் தெரிந்ததால் தமிழ்நாட்டுத் தோட்டங்கள் பிழைத்ததும் சமீப காலத்து உண்மைகள். அவற்றை அறிந்தால் அவ்வெண்ணம் நீங்கும்.

இரண்டு சொற்களில் ஒரு பெயர்

ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியான கார்ல் லின்னேயஸ் (1707–1778) காலத்துக்கு முன், ஒரு செடியைக் குறிப்பிட வேண்டுமானால் அதன் இலை, பூ, காய் ஆகியவற்றை வர்ணித்து லத்தீன் மொழியில் ஒரு முழு வாக்கியமே எழுத வேண்டியிருந்தது. அவர் 1753-இல் வெளியிட்ட தாவர நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொற்கள் கொண்ட பெயரை வழங்கினார். 1758-இல் பிராணிகளுக்கும் அவ்வாறே செய்தார். தாவரப் பெயர்களுக்கு முன்னதும், பிராணிப் பெயர்களுக்குப் பின்னதும் இன்றுவரை தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

முதற்சொல் பேரினத்தின் பெயர். இரண்டாஞ்சொல் அப்பேரினத்துள் அடங்கிய குறிப்பிட்ட இனத்தைக் காட்டுவது. தமிழர் தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே எழுதுகின்றனர். உடன்பிறந்தார் அனைவர்க்கும் அவ்வெழுத்து ஒன்றே. பெயர் மட்டும் வேறு. சாஸ்திரப் பெயரும் ஏறக்குறைய இவ்விதமே. பயிராகும் குதிரைவாலிக்கு எகினோக்ளோவா புரூமென்டேஸியா என்று பெயர். நெல்வயலில் களையாய் முளைப்பவை எகினோக்ளோவா குரூஸ்-கல்லி, எகினோக்ளோவா கொலோனா என்பன. முதற்சொல் ஒன்றாயிருப்பதால் மூன்றும் நெருங்கிய உறவு என்பதும், இரண்டாஞ்சொல் வேறாயிருப்பதால் மூன்றும் வெவ்வேறு என்பதும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் விளங்கும். 'குரூஸ்-கல்லி' என்பதற்குச் சேவற்கால் என்பது பொருள். அதன் கதிரைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

இப்பெயர்கள் லத்தீன் வடிவில் இருப்பினும், அவற்றுள் தென்னாட்டுச் சொற்களும் கலந்துள்ளன. முருங்கை 'மொரிங்கா' என்றும், புங்கு 'பொங்கேமியா' என்றும் பெயர் பெற்றன. மாமரத்தின் 'மாஞ்சிபெரா' என்ற பெயரில் இருப்பது மாங்காயே. லத்தீன் இன்று எந்த ஊராரும் வீட்டில் பேசும் மொழியன்று. ஆகையால் அதிலுள்ள ஒரு பெயர் ஊருக்கு ஊர் திரியாமல், எல்லாத் தேசத்தார்க்கும் பொதுவாய் நிற்கின்றது.

சர்வே நெம்பரும் வகுப்பு முறையும்

பெயரிடுவதோடு சாஸ்திரிகளின் வேலை முடிவதில்லை. இதுவரை பெயரிடப்பட்ட ஜீவராசிகள் ஏறக்குறைய 20 லட்சம். இவற்றை ஓர் ஒழுங்கில் அமைக்காவிட்டால் வேண்டியதைத் தேடி எடுக்க இயலாது. ஒரு நிலத்தைக் குறிப்பிட ஜில்லா, தாலுகா, பிர்க்கா, கிராமம், சர்வே நெம்பர், உட்பிரிவு என்று படிப்படியாக இறங்குவது போல, ஒவ்வோர் உயிரையும் உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற படிகளில் வைத்துள்ளனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நிலத்தின் எல்லைகள் மனிதர் வகுத்தவை. உயிர்களின் படிகளோ பிறப்புவழி உறவை ஒட்டியவை. முற்காலத்தில் பூ, விதை, இறகு, கால் முதலிய உறுப்புக்களைக் கொண்டே உறவைத் தீர்மானித்தனர். இக்காலத்தில் உயிரணுவிலுள்ள மரபுப் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

நெல் புற்குடும்பத்தைச் சேர்ந்தது. கரும்பு, மூங்கில், கேழ்வரகு, கம்பு, அறுகு, குதிரைவாலி யாவும் அதே குடும்பம். கோரையோ பார்வைக்குப் புல் போலத் தோன்றினும் வேறு குடும்பம். புல்லின் தண்டு உருண்டு, கணுக்களோடு, பெரும்பாலும் உள்ளே கூடாயிருக்கும். கோரையின் தண்டை விரல்களிடையே உருட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று பட்டைகள் தட்டுப்படும். உள்ளே சோறு நிறைந்திருக்கும்.

இவ்வறிவு வீண்போவதன்று. 2,4-டி என்னும் களைக்கொல்லி அகன்ற இலைக் களைகளையும் கோரையையும் அழிக்கும், நெல்லை அழிக்காது. நெல்லைக் கொல்லாத அம்மருந்து நெல்லின் குடும்பத்தைச் சேர்ந்த குதிரைவாலிக் களையையும் கொல்லாது. குடும்பம் அறியாமல் அதனை வாங்கித் தெளித்தவர், கோரை மடியக் கண்டு மகிழ்ந்து, குதிரைவாலி கொழிக்கக் கண்டு வருந்துவர். மருந்தைக் குறை கூறுவதில் பயனில்லை.

நெல்லையும் குதிரைவாலிக் களையையும் இளம்பருவத்திலேயே பிரித்தறியச் சாஸ்திரிகள் கொள்ளும் அடையாளம் களையெடுக்கும் பெண்டிரும் எளிதில் காணத்தக்கதே. நெல்லின் இலை தண்டைத் தழுவிய உறையினின்று பிரியுமிடத்தில், நாக்குப் போன்ற வெண்மையான மெல்லிய சவ்வொன்று இருக்கும். அதன் இருபுறமும் ரோமம் பொருந்திய சிறு காதுகள் இருக்கும். குதிரைவாலிக் களையில் அவ்விடம் வழுவழுப்பாயிருக்கும்; நாக்குமில்லை, காதுமில்லை.

இனம் வேறு, ரகம் வேறு என்பதையும் இங்கே கூறுதல் தகும். பொன்னி, கிச்சிலிச் சம்பா, டி.கே.எம். 13 என்பன ரகங்கள். அவை யாவும் ஒரைஸா ஸடைவா என்ற ஒரே இனம். ஒரே இனத்தாராதலால் அவற்றை எளிதில் ஒட்டுச் சேர்க்கலாம். திருவள்ளூரை அடுத்த திரூர்குப்பத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாகி 1952-இல் வெளிவந்த டி.கே.எம். 6 என்ற ரகம் குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கியது. அதனால் அதனைப் பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர். 20 உண்டாக்கப்பட்டது. ஐ.ஆர். 36 என்ற ரகத்தின் முன்னோர்களிலும் அது ஒன்று. ஐ.ஆர். 36-க்கு மற்றோர் உதவி, இனத்துக்கு வெளியே, ஆனால் அதே பேரினத்திலிருந்து கிடைத்தது. புகையான் பரப்பும் புற்குட்டை நோயைத் தாங்கும் குணத்தை 6,000-க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளில் தேடியபோது, உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரைஸா நிவாரா என்ற காட்டுநெல் மாதிரி ஒன்றில் மட்டுமே அது காணப்பட்டது. அந்தக் காட்டுநெல் ஒரைஸாப் பேரினத்தது என்று அறியாதிருந்தால் அங்கே தேடியிருக்க மாட்டார்கள்.

பெயர் தவறியதால் நேர்ந்த தாமதம்

ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 20 கோடி ஜனங்களுக்கு மரவள்ளிக் கிழங்கே ஆதாரமாயிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் காங்கோப் பிரதேசத்தில் ஒரு மாவுப்பூச்சி தோன்றி, கொழுந்துகளைச் சுருட்டிச் செடிகளைக் குன்றச் செய்தது. சில இடங்களில் 100-க்கு 80 பங்கு வரையில் மகசூல் அழிந்தது. அப்பூச்சி அதுவரை எந்த நூலிலும் எழுதப்படாதது. 1977-இல் அதற்கு பீனகாக்கஸ் மானிஹோடி என்று பெயரிட்டனர். மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா. ஆகையால் பூச்சியின் தாயகமும் அதுவாகவே இருக்கும், அதனை அங்கே அடக்கி வைக்கும் எதிரியும் அங்கேயே இருக்கும் என்று கருதித் தேடலாயினர்.

தென்னமெரிக்காவின் வடபாகத்தில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதுவே இது என்று முதலில் எண்ணினர். ஆனால் அதன்மேல் வாழும் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. நுணுகி ஆராய்ந்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஆப்பிரிக்கப் பூச்சி இளஞ்சிவப்பு நிறமுடையது. ஆணின்றியே இனம் பெருக்குவது. மற்றதோ மஞ்சள் நிறமுடையது. ஆணும் பெண்ணும் கூடிப் பெருகுவது. இரண்டும் ஒரே பேரினம், இனம் வேறு. மஞ்சட் பூச்சிக்கு 1981-இல் பீனகாக்கஸ் ஹெர்ரெனி என்று தனிப்பெயர் சூட்டப்பட்டது.

அதே 1981-இல் உண்மையான மானிஹோடி, கண்டத்தின் தென்பாகத்தில் பராகுவே தேசத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனை உண்டு வாழும் அனகைரஸ் லோபெஸி என்னும் சிறு குளவியும் அங்கே கிடைத்தது. அக்குளவியை அவ்வருஷமே நைஜீரியாவில் விடுத்தனர். பின்னர் 20-க்கு மேற்பட்ட தேசங்களில் பரப்பினர். பூச்சி அடங்கியது. இவ்வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெர்ரென் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். மஞ்சட் பூச்சியின் பெயரில் இருப்பதும் அவர் பெயரே.

தமிழ்நாட்டில் பெயர் செய்த உதவி

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளித் தோட்டங்களில் பஞ்சு படிந்தாற்போல ஒரு மாவுப்பூச்சி காணப்பட்டது. அது விரைவில் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி ஆகியவற்றுக்கும் பரவி, ஈரோடு, திருப்பூர், சேலம் ஜில்லாக்களில் பெருநஷ்டம் விளைவித்தது. மேலே மெழுகுப் போர்வை மூடியிருந்தமையால் மருந்து உள்ளே சேரவில்லை. பட்டுப்புழு வளர்ப்போருக்கோ மருந்து தெளிக்கவும் வழியில்லை. இலையில் நஞ்சு தங்கினால் புழு மடியும்.

தமிழ்நாட்டில் முன்பிருந்தே பலவகை மாவுப்பூச்சிகள் உண்டு. குடியானவர்கள் யாவற்றையும் மாவுப்பூச்சி என்ற ஒரு சொல்லால் அழைத்தனர். பூச்சி சாஸ்திரிகள் மாதிரிகளைச் சோதித்து, இது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று நிச்சயித்தனர். இதன் உடல் மஞ்சள் நிறமுடையது. சாராயத்தில் இட்டு வைத்தால் கருநீலமாக மாறும். இப்பூச்சிக்கு 1992-இலேயே பெயரிட்டு, மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம் என்று அறிந்திருந்தனர். கரீபியத் தீவுகளில் இதனை அடக்கிய குளவிகளைப் பற்றிய விவரமும் அப்பெயரின் கீழ் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

ஆகையால் புதிதாகத் தேடும் வேலை இல்லாமற் போயிற்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து மூன்றுவகைக் குளவிகள் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டன. இந்நாளில் தேசிய விவசாயப் பூச்சி வளங்கள் பியூரோ என்று வழங்கும் நிலையத்தில் அவற்றைச் சோதித்துப் பெருக்கினர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூலம் அவை தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்பது மிக நன்றாக வேலை செய்தது. சில மாதங்களில் பூச்சி தணிந்து, பப்பாளியும் மல்பெரியும் மீண்டும் தழைத்தன.

ஆப்பிரிக்காவை வாட்டிய மானிஹோடிப் பூச்சியே 2020-இல் கேரளத்தில் திருச்சூரில் காணப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களிலும் பரவியது. இம்முறை அதன் பெயர், தாயகம், எதிரி யாவும் தெரிந்திருந்தன. 2021-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து அனகைரஸ் லோபெஸிக் குளவி தருவிக்கப்பட்டு, 2022-இல் சேலம் ஜில்லா எத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. அங்கே எட்டு வருஷங்களுக்கு மேல் பிடித்த வேலை, இங்கே இரண்டு வருஷங்களுக்குள் முடிந்தது.

பெயர்கள் ஏன் மாறுகின்றன?

சாஸ்திரப் பெயர் நிலையானது என்றால், அது அடிக்கடி மாறுவானேன் என்று சிலர் கேட்பர். நெல்லின் மஞ்சட் குருத்துப்பூச்சிக்கு 1863-இல் கைலோ இன்ஸெர்டுலஸ் என்று பெயரிட்டனர். பழைய நூல்களில் அது ஷோனோபியஸ் இன்ஸெர்டுலஸ் என்றும், பின்னர் ட்ரைபோரைஸா இன்ஸெர்டுலஸ் என்றும் காணப்படும். இன்றைய பெயர் ஸ்கிர்போபேகா இன்ஸெர்டுலஸ். உறவுமுறை மேன்மேலும் தெளிவாகுந்தோறும் ஓர் உயிரை ஒரு பேரினத்திலிருந்து எடுத்து மற்றொன்றில் வைக்க நேருகின்றது. அப்பொழுது முதற்சொல் மாறும். இரண்டாஞ்சொல் பெரும்பாலும் மாறாது. பட்டா மாறினாலும் நிலம் அதுவே என்பது போல.

கருவேல் முன்னர் அகேஸியா நிலோடிகா. இப்போது வாசெலியா நிலோடிகா. சீமைக் கருவேல் புரோஸோபிஸ் ஜூலிப்ளோரா எனப்பட்டு வந்தது. 2022-இல் நெல்டூமா ஜூலிப்ளோரா எனப்பட்டது. தமிழ்ப் பெயரைக் கேட்டால் இரண்டும் அண்ணன் தம்பி என்று தோன்றும். இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் பேரினம் வேறு. ஒன்று இந்நாட்டு மரம், மற்றது அமெரிக்காவிலிருந்து வந்தது. பழைய நூலில் ஒரு பெயரைக் காண்போர் இரண்டாஞ்சொல்லை முக்கியமாகக் குறித்துக்கொள்வாராயின், புதிய நூலிலும் அதனைக் கண்டுகொள்ளுதல் எளிது.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

புதிதாக வரும் பூச்சியையோ களையையோ முதலிற் காண்பவர் சாஸ்திரி அல்லர், வயலில் நிற்பவரே. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு அருகிலுள்ள பொன்னேரிப் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிப்பி, கப்பல்களின் வழியே வந்ததாகக் கருதப்படுவது, எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டு ஏரியிலும் அடித்தரையைப் போர்த்திப் பரவி, இறால் பிடிக்கும் ஜனங்களின் பிழைப்பைக் கெடுத்தது. அதன் சாஸ்திரப் பெயர் மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா. அந்தப் பெயர் இங்கே பரவுமுன்பே, மீனவர் அதனை வேறென்று கண்டு 'காக்கா ஆழி' என்று தனிப்பெயர் வைத்துவிட்டனர்.

ஆகையால், வழக்கத்துக்கு மாறான பூச்சி, புழு, களை எதனைக் கண்டாலும் ஊகத்தின்பேரில் கடைக்குச் சென்று மருந்து வாங்குமுன், கீழ்க்கண்டவாறு செய்தல் நலம்:

1. பூச்சியானால் ஒன்றோடு நில்லாது பத்துப் பதினைந்தும், அது தின்ற இலை அல்லது தண்டும் சேகரிக்க வேண்டும். மாவுப்பூச்சி, அசுவினி, புழு போன்ற மெல்லுடல் உயிர்களைச் சாராய ஸத்து நிரம்பிய சிறு சீசாவில் இடவேண்டும். அந்துப்பூச்சிகளைச் சாராயத்தில் இடாமல், இறகு சிதையாவண்ணம் மடித்த காகிதத்தில் வைக்க வேண்டும்.

2. செடியானால் வேர், இலை, பூ, காய் எல்லாம் சேர்ந்திருக்கும்படி பிடுங்கி, பழைய செய்தித்தாள்களிடையே பரப்பிக் கனம் வைத்து அழுத்த வேண்டும். காகிதத்தைத் தினம் மாற்றினால் பூஞ்சணம் பிடியாது. பூவில்லாத செடிக்குப் பெயர் கூறுதல் பெரும்பாலும் அரிது.

3. ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு வைக்க வேண்டும். கிராமம், தேதி, பயிர், ரகம், பயிரின் வயது, சேதத்தின் அளவு, ஊரில் வழங்கும் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. மையெழுத்து சாராயத்தில் கரைந்துவிடும்.

4. இவற்றைத் தம் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ சேர்ப்பிக்கலாம். அங்கே நிச்சயிக்க முடியாதவற்றை மேலே உள்ள நிலையங்களுக்கு அனுப்பிப் பெயர் அறிவது வழக்கம்.

ஊர்ப் பெயரைச் சீட்டில் எழுதுமாறு கூறியது காரணத்தோடுதான். சாஸ்திரப் பெயர் வந்துவிட்டதனால் ஊர்ப் பெயர் வேண்டாதது ஆகிவிடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், பொன்னேரிக் குடியானவர் சொல்லும் ஒரு பெயர் எந்த உயிரைக் குறிக்கின்றது என்பது மற்ற ஜில்லாக்காரருக்கும் விளங்கும். மற்ற தேசத்தார் கண்ட பரிகாரம் பொன்னேரி வயலுக்கும் வந்து சேரும். வரும் நவரையில் களையெடுக்கத் தொடங்குமுன் ஒரு குதிரைவாலித் தூரையும் ஒரு நெல் தூரையும் கையில் எடுத்து, இலை பிரியுமிடத்தில் நாக்கும் காதும் உண்டா இல்லையா என்று ஆட்களுக்குக் காட்டுதல் நலம். அரைநாழிகை வேலையே ஆயினும் பிடுங்கப்படாமல் பிழைக்கும் பயிர் பல.